படிக்காமல் தூக்கிய கட்டைவிரல்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
17.6.2025

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இரண்டு நாளாகச் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து சாரல் காற்று அடிக்கிறது. ஹைதராபாத்தில் வெயில் குறைந்ததா, ஆஸ்பத்திரியில் உனக்கு டியூட்டி மாறியதா என்று தெரிவிக்கவும். கையில் டேப்லெட் இருக்கும்போது அப்பா ஏன் பேப்பரில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். விஷயமே அந்த டேப்லெட்டைப் பற்றியதுதான். அதோடு, எட்வினைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று பிப்ரவரியில் நீ கேட்டதற்கு நான் அனுப்பிய சம்மதத்தைப் பற்றியது. பயப்படாதே. கடைசி வரை படி. பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போடாதே.

நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் ஒரு குறையும் இல்லை. குறை மாரிச்சாமியால் வந்தது. என்னோடு கோர்ட்டில் வேலை பார்த்து, இப்போது என்னோடு காலையில் நடக்க வரும் அதே மாரிச்சாமிதான். ஜனவரியில் ஒரு நாள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி வளைந்து நெளிந்து ஜோராக இருந்தது. மருமகன் போட்டுக் கொடுத்தாராம். எனக்குப் போட்டுத்தர ஆள் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வீடியோவை மூன்று தடவை பார்த்து, ஃபாண்ட் ஃபைலை இறக்கி, அதைப் போடுவதற்கான ஆப்பையும் இறக்கி, செட்டிங்ஸில் போய் மாற்றி, டேப்லெட்டை அணைத்து ஆன் செய்தேன். அவனுடையதைவிட இரண்டு சுழி கூடுதலான ஃபாண்ட். வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன்.

ஆன் ஆனதும் திரை முழுக்கச் சுழி. ‘க’ எது ‘த’ எது தெரியவில்லை. புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் பூ. ஆங்கிலத்துக்கும் அதே கதிதான். பழையபடி மாற்றலாம் என்று செட்டிங்ஸைத் திறந்தால், மாற்றும் வழியும் அந்த எழுத்திலேயே இருக்கிறது.

யாரிடமாவது காட்டியிருக்கலாம். ஆனால் எந்த வக்கீலின் கிறுக்கலையும் எந்த டாக்டரின் சர்டிஃபிகேட்டையும் தடங்கலில்லாமல் படிப்பவன் என்று முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் பெயர் வாங்கியவன் நான். எழுத்துப் புரியவில்லை என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? மாரிச்சாமியிடம் வேறு பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லியாயிற்று. எனவே படங்களை மட்டும் பார்த்தேன். எழுத்தாக எது வந்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிடுவேன். பென்ஷன் சங்கத்துக் குழுவில் வந்த இரங்கல் செய்திக்கும் அதையே அனுப்பியிருக்கிறேன். இறந்தவரின் மகன் என்னைக் கண்டால் ஏன் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறார் என்று நேற்றுதான் விளங்கியது.

உன் கேள்விக்கும் அப்படித்தான் பதில் வந்தது, சத்யா. நான் அதைப் படிக்கவே இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். எட்வினின் அப்பா ரத்தினமும் அம்மா செல்லக்கனியம்மாவும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்ததை அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், அப்படியே நம்மையும் பார்த்துப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். அம்மா வன்னியம்பட்டிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். மாடி காலியாக இருப்பதால் வாசலில் டு-லெட் போர்டு தொங்குகிறது. தெரியாத முகம் யார் வந்தாலும் வாடகைக்கு வருகிறவர்கள் என்றே நினைப்பேன். ரத்தினம் கைகூப்பி, ராஜபாளையத்திலிருந்து வருவதாகவும் எட்வின் சொல்லியிருப்பான் என்றும் சொன்னார். எந்த எட்வின் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தரகர்களில் யாரோ ஒருவர் என்று எண்ணி, ஆமாம் ஆமாம் என்று உள்ளே கூப்பிட்டேன்.

மாடியைத் திறந்து காட்டினேன். பாத்ரூம் குழாயைத் திருகிக் காட்டினேன். அவர்களும் மரியாதைக்கு எல்லாவற்றையும் பார்த்தார்கள். “நாங்க எதுவும் எதிர்பார்க்கல சார், இருக்கிறதே போதும்” என்றார் ரத்தினம். ஃபேன்கூடக் கேட்காத மனிதர் என்று எனக்கு மதிப்பு ஏறியது. செல்லக்கனியம்மா செத்த நேரம் தயங்கி, “நாங்க ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போற ஆளுக அண்ணாச்சி. அதுல ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார். அது அவரவர் விருப்பம், எனக்கென்ன வருத்தம், தண்ணீரை மட்டும் பார்த்துச் செலவழித்தால் போதும் என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீருக்கு ஏன் அழுகிறார் என்று நினைத்தேன். எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று ரத்தினம் கேட்டதற்கு, ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றேன். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் செல்லக்கனியம்மா, “நீங்க யோசிக்காம சரின்னு சொன்னதை எட்வின் சொல்லிச் சொல்லி மாயுதான். சத்யா எங்க வீட்டுப் பிள்ளை அண்ணாச்சி” என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் நின்றேன். அங்கே ஜாஸ்மின் என்று ஒரு பெண் ரிப்பேர் பார்க்கிறாள். டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, “எம்புட்டு நாளா சார் இப்படி வச்சிருக்கீக?” என்றாள். நேற்று முதல்தான் என்று பொய் சொன்னேன். அவளாலும் படிக்க முடியவில்லை. இதே மாடலில் இன்னொரு டேப்லெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதில் மூன்றாவது வரி என்றால் இதிலும் மூன்றாவது வரி என்று அழுத்தி அழுத்தி உள்ளே போய் அந்த ஃபாண்டைக் கழற்றினாள். என் கண்ணுக்குத் தோதாகத் தடித்த எழுத்தாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஜனவரியிலிருந்து வந்த எல்லாவற்றையும் படித்தேன்.

‘அப்பா, பொறுமையா படிங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை போதும், இதை இத்தோட விட்டுடுவேன்’ என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே, ஒரு நிமிஷத்தில், என் கட்டைவிரல். அதற்கும் கீழே, ‘தேங்க்ஸ்ப்பா, நான்தான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்’ என்று நீ. அதற்கும் ஒரு கட்டைவிரல்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பிப்ரவரியிலேயே தெரியுமாம். “புள்ள அழுதுக்கிட்டே சொன்னா, நீங்க சரின்னுட்டீகன்னு. நல்லபடியா போறதை எதுக்குக் கிளறணும்னு வாயை மூடிக்கிட்டேன்” என்றாள். நான் படிக்கவில்லை என்றதும் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு, இதைச் சாகும் வரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று கட்டளையும் போட்டாள்.

என்னால் அது முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். பிப்ரவரியில் படித்திருந்தால் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருப்பேன். வேண்டாம் என்று. நீயும் விட்டிருப்பாய், சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை நீ. இந்த நாலு மாதமாகப் போனில் நீ அம்மாவோடு பேசிச் சிரிப்பது கூடம் வரை கேட்கிறது. பெண் இப்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறாளே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சிரிப்பை நானே இல்லாமல் செய்திருப்பேன்.

யார் என்றே கேட்காமல், பேச்சையும் முகத்தையும் பார்த்து, இவர்கள் நம் வீட்டில் இருக்கட்டும் என்று அரை மணி நேரத்தில் முடிவு செய்தவனும் நான்தான். குடிவருகிறவர்களுக்கு ஒரு நியாயம், பெற்ற பெண்ணுக்கு ஒரு நியாயமா?

ஆனாலும் நீ நன்றி சொன்ன அப்பா நான் இல்லை, சத்யா. அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு ஊமையாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு நான் போனை அம்மாவிடம் கொடுக்கப் பார்ப்பேன். விடாதே. என்னைப் பிடித்து நிறுத்தி, நீ கேட்டதை இன்னொரு தடவை கேள். பதிலை இதில் எழுதமாட்டேன். நீ கேட்க வேண்டும், நான் கேட்டுவிட்டு என் வாயால் சொல்ல வேண்டும். கோபம் இருந்தால் திட்டிவிட்டுக் கேள். ஆனால் கேட்காமல் இருந்துவிடாதே அம்மா.

நீங்கள் இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும்
அப்பா,
சங்கரலிங்கம்