வெறுங்கொம்போடு

டிரோல், செப்டம்பர் 9

அன்புள்ள பேத்தி பர்கிளுக்கு,

ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோன வருஷம், ஜூனிலும் பனி கொட்டிய வருஷம், பள்ளிக்கூடத்தில் ஒன்பதே பிள்ளைகள் மிஞ்சிய வருஷம் இது. தேதியை ஹெட்விக் போடுவாள். எனக்குத்தான் எழுத வராதே. தபால் கொண்டுவரும் அவளிடம் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

நீ இன்ஸ்ப்ரூக் நகரத்து ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நம் மாடுகளோடு மேய்ச்சல் மலை ஏறினபோது நம்மூர் மதுவிடுதியில் பக்கத்துப் பண்ணை ஸீனோ கேட்டான்: "ஒம் பேத்தி பால் கறக்கப் போறாளா, போட்டோ புடிக்கப் போறாளா?" "செப்டம்பர்ல பாருடா, எல்லா மாட்டுக்கும் பூக்கிரீடம் கட்டி எறக்குவா" என்றேன். காகிதப்பூக் கிரீடங்களை ஜீப்பில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இறங்கும் அடுத்த வாரச் சனிக்கிழமை ஊரே தெருவில் நிற்கும்.

தாத்தா கஸ்ஸியான்

மலையிலிருந்து, செப்டம்பர் 14

அன்புள்ள தாத்தா,

கிரீடங்கள் வந்தன. சிவப்பு ரொம்ப அழகு. ஆனால் கட்ட மாட்டேன். நேற்று இடிமழையில் செவலைக் கிடாரி மிரண்டு பாறையிலிருந்து விழுந்து செத்துவிட்டது. வேலிக் கதவைச் சரியாக மூடாதது நான்தான். மலையில் ஓர் உயிர் போனால் பூ இல்லாமல்தானே இறங்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது தாத்தா. நீங்கள் வாசலில் நில்லுங்கள், போதும். உங்களைப் பார்த்துக்கொண்டே ஊரைக் கடந்துவிடுவேன்.

உங்கள் பர்கிள்

டிரோல், செப்டம்பர் 17

பர்கிளுக்கு,

ஒரு கிடாரிதானே. கேட்டால் விற்றுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பூவைக் கட்டு. அத்தனை பேரிடம் சொல்லிவிட்டு நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? "இத நான் எழுத மாட்டேன் பெரியவரே" என்றாள் ஹெட்விக். "நீ எழுதும்மா" என்றேன்.

கஸ்ஸியான்

டிரோல், செப்டம்பர் 25

அன்புள்ள பர்கிள்,

சனிக்கிழமை நான் வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். மாடுகள் வெறுங்கொம்போடு வந்தன. யாரும் சிரிக்கவில்லை. ஸீனோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பொண்ணு மறைக்கலடா." நேரே பார்த்து நடந்த நீ, நம் வாசலில் மட்டும் திரும்பிப் பார்த்தாய்.

மாடுகளைக் கட்டிவிட்டு வந்து கதவைத் தட்டினாய். "தாத்தா, இருக்கீங்களா?" இருந்தேன். எந்த முகத்தோடு திறப்பது? நீ நகரத்துக்குத் திரும்பிப் போன பிறகுதான் வெளியே வந்தேன். படியில் கிரீடப் பெட்டி இருந்தது. ஒரு பூகூடக் கசங்கவில்லை.

நம் வீட்டு மாடுகளை இப்படி மறைக்காமல், வெறுங்கொம்போடு இறக்கியவர்களை எனக்குத் தெரியும். மின்னல் விழுந்த வருஷம் என் அத்தை க்ரெசென்ஸ். ஆகஸ்டில் பனி கொட்டிய வருஷம் என் அண்ணன் வெண்டலின். இருவரும் போய்விட்டார்கள். உயிரோடு இருப்பது பர்கிள், நீ ஒருத்திதான்.