லிப்ட்டுக்குள் எலுமிச்சைப்புல் வாசம்

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம். என் மானம் மட்டும் போய்விட்டது. ஷூ நாற்றத்துக்கு ஒரு சொட்டு போதும் என்று எலுமிச்சைப்புல் எண்ணெய் அனுப்பினாயே, என் காலுக்கு ஒரு சொட்டு எங்கே பத்தும் என்று அரை பாட்டிலை ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். நான் ஓட்டுவதோ லிப்ட். கதவை மூடினால் பெட்டி. ஏறியவர்கள் எல்லாரும் மணக்க மணக்க இறங்கினார்கள். மேனேஜர் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நான் மூலையிலதானே நின்னேன்? என் பொண்டாட்டி கேட்டா நீயே வந்து பதில் சொல்லு" என்றார். அம்மா ஷூவை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். அடுத்தது நான்தான்.

போனில் நீ அழுதது காதிலேயே இருக்கிறது. உன் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகளில், எண்ணெய் வைத்த தட்டிலும் கிருமி வளரவில்லை, வைக்காத தட்டிலும் வளரவில்லை, அதனால் சோதனை செல்லாது, மறுபடி இப்படி வந்தால் ஆய்வை மூடிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று உன் மேடம் சொல்லிவிட்டாராமே. கிருமி வளராவிட்டால் நல்லதுதானே? இந்த மண்டுவுக்குப் புரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 17

அன்பு அப்பாவுக்கு,

மண்டு நான்தான். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்து, 'மூலையிலதானே நின்னேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எல்லாத் தட்டுகளையும் நான் ஒரே பெட்டியில் மூடி வைத்திருந்தேன். அதுவும் ஒரு லிப்ட்தான் அப்பா. எண்ணெயின் ஆவியே பக்கத்துத் தட்டுக்குப் போய்க் கிருமியை அடக்கியிருக்கிறது.

தனித்தனிப் பெட்டியில் வைத்தேன். எண்ணெய் இல்லாத தட்டில் கிருமி பால் கொட்டியதுபோல் படர்ந்தது. கிருமியைப் பார்த்துக் கைதட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இன்னொரு பெட்டியில் மூடியில் மட்டும் எண்ணெய் தடவினேன். கீழே தட்டு கண்ணாடி மாதிரி சுத்தம். திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருக்குப் போற பேச்சை விடு. அடுத்த வருஷம் முழுக்க இதான் உனக்கு வேலை. எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"எங்கப்பா ஷூல மேடம்" என்றேன்.

உங்கள் பாப்பா

மார்ச் 25

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை லிப்ட்டில் ஏறியவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். ஐந்தாம் மாடிக்காரர் முடிவு கேட்க எட்டு வரை வந்தார். மேனேஜர், "அப்போ நானும் ஒரு தட்டுதானே" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறார். அம்மா ஷூவைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள், நீ பள்ளியில் வாங்கிய பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில்.

நேற்று போனில், "அடுத்த வருஷமும் வர முடியாதுப்பா" என்றாய். "வராதே, இருந்து ஜெயிச்சுட்டு வா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நீ அழுத மறுநாளே இங்கே வீட்டில் உன் அறையில் புது மின்விசிறி மாட்டியதை மட்டும் சொல்லவில்லை. காற்று நன்றாக வருகிறது. தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கிறேன்.

அப்பா