ததேயு வீட்டுப் பாரு

பிப். 3, செவ்வாய்
காற்றே இல்லை. காலையிலேயே வியர்வை. சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரஸருக்கு எண்ணெய் மாற்றினேன். மனைவி சுதா பள்ளிக்கூட வேலைக்குப் போனபிறகு ததேயு வந்தான். போன மாதம் அவன் வள்ளத்தின் புரொபெல்லரில் சுற்றிய வலையை முங்கி அறுத்துக் கொடுத்தேனே, அவன்தான். கடலுக்கடியில் ஒரு பாறை, பாரு என்கிறான். அவன் குடும்பம் மட்டும் அப்பா காலத்திலிருந்து தூண்டில் போடும் இடம். ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. நான் இறங்கி, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் போதுமாம். வேறொன்றும் வேண்டாமாம்.

இதை நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? துபாயில் கப்பலுக்கு அடியில் வேலை பார்த்தவன். சிலிண்டர் ஃபுல் என்று எவன் சொன்னாலும் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் முதுகில் மாட்டுவேன்.

என்னவாக இருக்கும்? கடத்தல் பொட்டலம். திருட்டு எஞ்சின். இரண்டும் இல்லையென்றால் இன்னும் மோசமான ஏதோ.

சுதாவுக்கு ஒரே சிரிப்பு. "கர்த்தரே வாசல்ல வந்து நிண்ணாலும் நீங்க ஆதார் கார்டு கேப்பீங்க."

பிப். 4, புதன்
ததேயுவின் நிபந்தனை. போன் கூடாது. வள்ளத்தில் கரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். மலையையும் ஆலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்துத்தான் இடத்தை அடையாளம் வைக்கிறார்கள். கணியம் என்று பெயர். அறிந்தவர்கள் அவனும் தங்கச்சி மாப்பிள்ளை சூசையும் மட்டும்.

நடுக்கடல். அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தன். மாட்டேன் என்று சொல்லவும் மனசில்லை, ஆசை.

போனைத் துண்டில் சுருட்டிப் பையின் அடியில் வைத்தாயிற்று. நான் இருக்கும் இடம் சுதாவின் போனில் தெரிந்துகொண்டே இருக்கும்.

பிப். 5, வியாழன்
போய் வந்தேன். உயிரோடு.

எஞ்சினில் சூசை. வாயைத் திறக்காத ஆள். என் பையை ஒரு பார்வை பார்த்தான். முழியே சரியில்லை.

வள்ளத்திலிருந்து பின்பக்கமாகக் கடலுக்குள் விழுந்தேன். முதலில் வெறும் நீலம். பிறகு பாறையின் தலை. விளிம்பைத் தாண்டினால் செங்குத்தாக ஒரு சுவர், அடி தெரியவில்லை. சுவர் முழுக்க உயிர். ஆள் உயரத்துக்குக் கடல் விசிறிப் பவளங்கள். டார்ச் அடித்ததும் கறுப்பாகக் கிடந்ததெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு. பொந்துக்குப் பொந்து சிங்கி இறாலின் மீசை. கிழட்டுக் களவா மீன் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்று என்னைப் பார்த்தது, பயமே இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை இல்லை, அறுந்த வலை இல்லை. துறைமுகச் சேற்றில் தடவித் தடவியே காலம் போனவன் நான். கண்ணாடிக்குள் அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொட்டலம் இல்லை. எஞ்சின் இல்லை.

மேலே வந்து சொன்னேன். ததேயு திரும்பத் திரும்பக் கேட்டான், அந்த நிறம், அந்த விசிறி, அந்தக் களவா. சூசையும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டான். இதற்குத்தானா கூப்பிட்டார்கள்? இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

பிப். 17, செவ்வாய்
மேகமூட்டம். சுதாவின் தம்பி ராஜன் மீனோடு வந்தான். ஒரு விசைப்படகில் அவனுக்குப் பங்கு உண்டு. புது இடமாம், அள்ளுகிறார்களாம். பையைத் திறந்தால் பெரிய களவா.

எந்த இடம் என்று கேட்டதும் சுதாவின் முகம் மாறிவிட்டது. அன்று போனில் என் புள்ளி நடுக்கடலில் அசையாமல் நின்றதும் பயந்துபோய்த் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவனும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அத்தானுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

மீன் குழம்பு. நான் சாப்பிடவில்லை.

பிப். 20, வெள்ளி
கோட்டாறு. கம்ப்ரஸருக்கு பெல்ட் வாங்கப் போன இடத்தில் ததேயு. விசைப்படகுகள் பாருவைச் சுற்றி வலை போட்டு நிற்கின்றனவாம். சூசைதான் இடத்தை விற்றுவிட்டான் என்று பிள்ளைகள் முன்னாலேயே அவனை அடித்து, வள்ளத்திலிருந்தும் இறக்கிவிட்டானாம். தங்கச்சியோடும் பேச்சில்லை.

என்மேல் சந்தேகம் வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொல்லிவிட்டான். "நீங்க கரையப் பாக்கவே இல்லியே அண்ணே."

டீ வாங்கித் தந்தான். குடித்தேன். சீ.

பிப். 22, ஞாயிறு
ஆராதனைக்குப் போகவில்லை. நேராக ததேயு வீடு. போன், சுதா, ராஜன், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நின்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்தபடி சூசை வீட்டுக்கு நடந்தான்.

சூசை முற்றத்தில் தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். கன்ன வீக்கம் இன்னும் வற்றவில்லை. நான் ஆரம்பித்ததும் போதும் என்று கை காட்டினான்.

"பைக்குள்ள போனு இருந்தத அன்னைக்கே கண்டேன் அண்ணே. வீட்டுல மதினி பயப்படுவாவண்ணு வச்சிருப்பீங்கண்ணு நெனச்சேன்."

அடி விழும்போது அதைச் சொல்லியிருக்கலாமே என்று ததேயு கேட்டான்.

சூசை நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிச்சயமா தெரியாம ஒருத்தருக்க பேரச் சொல்ல முடியுமா மச்சான்?"

ததேயு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நானும்.