ஏழாம் எண் வீட்டுக் கூரை

எண் 5, குவாரி வரிசை,
வியர்டேல்
8 நவம்பர் 1981

அன்புத் தம்பி கிளிஃபர்டுக்கு,

நீ அபர்டீன் போய்ச் சேர்ந்ததாக எழுதியது கிடைத்தது. சூடு கூரை வழியாக வெளியேறாமலிருக்க நீ பரணில் விரித்துவிட்டுப் போன மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு நன்றாகவே வேலை செய்கிறது. காலையில் போட்ட கரியின் சூடு சாயந்திரம் வரை அறையைவிட்டு நகரவில்லை. கையில் குத்திய கண்ணாடித் தூள் இன்னும் அரிக்கிறதா? கையுறை போடடா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா?

சொன்னால் சிரிப்பாய். பஞ்சு போட்ட வாரத்திலிருந்து பக்கத்து ஏழாம் எண் வீட்டுச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. நானும் நோராவும் முப்பது வருஷம் கணப்புக் கம்பியால் சுவரைத் தட்டித்தானே பேசிக்கொண்டோம்? இரண்டு தட்டு என்றால் டீ போட்டாயிற்று, வா என்று அர்த்தம். அவள் போய் இரண்டு வசந்தம் ஆகிவிட்டது. வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் அதே இரண்டு தட்டு, அதே இடத்தில்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஹில்டா

அபர்டீன்
15 நவம்பர் 1981

அன்புள்ள அக்கா,

செத்தவர்கள் யாரும் டீக்குக் கூப்பிடுவதில்லை. அதிலும் நோரா போடும் டீக்கு, உயிரோடு இருந்தபோதே நான் பயந்து ஓடியிருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். நம் வரிசை வீடுகளுக்குப் பரணில் நடுச்சுவர் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பரண். இத்தனை வருஷம் உன் வீட்டுச் சூடு மேலே ஏறி அங்கே தங்கியிருந்தது. இப்போது பஞ்சு அதைத் தடுத்துவிட்டது. மேலே குளிர்ந்துபோன மரம் சுருங்குகிறது, சத்தம் போடுகிறது.

ஆனாலும் நீ தனியாக அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே கீழ்த்தளத்தில் உனக்கென்று ஓர் அறை பார்த்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். வீட்டை விற்றுவிடலாம். நம் இருவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது.

கிளிஃப்

குவாரி வரிசை
10 டிசம்பர் 1981

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. நம் வீட்டுச் சூட்டில்தான் நோரா இத்தனை நாள் குளிர் காய்ந்திருக்கிறாள். நாம் பஞ்சை வைத்து அடைத்துவிட்டோம், பாவம். பொறுக்க முடியாமல்தான் தட்டியிருக்கிறாள்.

மேலே ஏறி ஒரே ஒரு பஞ்சுச் சுருளை எடுத்துவிட்டேன். தட்டுவது நின்றுவிட்டது.

அதற்குள் பனி கொட்டிவிட்டது. பனி பெய்த காலையில் இந்த ஊரில் எல்லோரும் கூரைகளைத்தானே எண்ணிப் பார்ப்பார்கள், யார் வீட்டில் சூடு ஒழுகுகிறது என்று! பால்காரர் பேசில் புட்டிகளோடு தெருவிலேயே நின்றுவிட்டார்.

"ஹில்டாக்கா, நோரா வீட்டுக்கு யாராச்சும் குடி வந்துட்டாங்களா?"

"இல்லையே பேசில், ஏன் கேக்குறீங்க?"

"கூரையில ஒரு பொட்டுப் பனி நிக்கல. ஓடு காஞ்சு கெடக்கு. உங்க கூரையைப் பாருங்க, கல்யாண கேக்கு கணக்கா இருக்கு!"

உண்மைதான். சுருளை எடுத்தது என் தலைக்கு மேல். அப்படியானால் என் கூரைதானே முதலில் உருக வேண்டும்? சூடு வழியில் எங்கும் நிற்காமல் நேராக அவளிடம் போயிருக்கிறது. கரியை எவ்வளவு போட்டாலும் என் அறை சில்லென்றுதான் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் அவளை நினைத்தால் பயம் போய்விடுகிறது.

ஹில்டா

அபர்டீன்
14 டிசம்பர் 1981

அக்கா,

உன் காலில் விழுகிறேன். அந்தச் சுருளை எடுத்த இடத்தில் போடு. இல்லை, வேண்டாம், நீ ஏறவே ஏறாதே. பரண் கதவைச் சாத்திவிட்டு பேசில் வீட்டுக்குப் போய் இரு. அவர் மனைவிக்கும் எழுதியிருக்கிறேன். தெற்கே போகும் ரயில்கள் பனியில் நிற்கின்றன. வழி திறந்த அன்றே கிளம்புகிறேன்.

தட்டினால் பதிலுக்குத் தட்டாதே.

கிளிஃப்

எண் 7, குவாரி வரிசை
17 டிசம்பர் 1981

அன்புத் தம்பிக்கு,

மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துத் திட்டாதே. குளிர் தாங்கவில்லை. நேற்று மறுபடி தட்டினாள். நீ சொல்லிக்கொடுத்தபடி குறுக்குக் கட்டைகளில் மட்டும் கால் வைத்து, பரண் வழியாகவே இந்தப் பக்கம் வந்து இறங்கிவிட்டேன்.

இங்கே ஸ்வெட்டரே தேவையில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருக்கிறது. நோரா அப்படியே இருக்கிறாள்.

"ஒந் தம்பி இன்னும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கானா? வரச் சொல்லேன், எடமா இல்ல?" என்கிறாள்.

அவள் கை மட்டும் சூடேறவே மாட்டேன் என்கிறது. என் கையைப் பிடித்தவள் விடவில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலிப் பால் புட்டிக்கு அடியில் இதை வைத்தால் பேசில் தபாலில் சேர்த்துவிடுவார்.

அபர்டீனுக்கு நான் வரவில்லையடா. கோபித்துக்கொள்ளாதே.

ஹில்டா

எண் 5, குவாரி வரிசை
23 டிசம்பர் 1981

அன்புள்ள அக்கா,

வந்துவிட்டேன். தாமதமாகத்தான் வந்தேன்.

போலீஸ்காரர் ஏழாம் எண்ணின் பூட்டை உடைத்தார். உள்ளே யாரும் இல்லை. கணப்பில் பழைய சாம்பல் கல்லாகக் கிடந்தது. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. உன் செருப்பு நம் பக்கத்துப் பரணில் இருக்கிறது. நோரா பக்கத்துக் கட்டைகளில் தூசு கலையவே இல்லை. "எங்கயாச்சும் பனியில வழி தவறியிருப்பாங்க சார், தேடுவோம்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது அந்தக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வேறெந்தக் கூரையிலும் சொட்டவில்லை.

புதுப் பூட்டுப் போட்டுவிட்டு அவர் போன பிறகு, அந்தக் கதவின் தபால் துளையில் உனக்கு ஒரு சீட்டைச் செருகினேன். பாதியில் மாட்டிக்கொண்டது. தள்ளுவதற்குள் உள்ளேயிருந்து யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். விரலில் சூடு பட்டது. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன், அக்கா.

பரணில் ஒரு சுருள் விடாமல் அத்தனையையும் பிடுங்கிக் கொல்லையில் போட்டுவிட்டேன். நம் வீட்டின் இரண்டு கணப்பும் எரிகிறது. அபர்டீன் பட்டறை வேலையை விட்டுவிட்டதாக இன்று எழுதிப் போட்டேன். வீட்டை விற்கப்போவதில்லை. என்னால் மூட்ட முடிந்த சூடெல்லாம் உனக்குத்தான். இங்கே பேனா மசி உறைகிறது, உறையட்டும்.

என்னைக் கூப்பிட மட்டும் வேண்டாம் என்று நோராவிடம் சொல். நான் இந்தப் பக்கம் வந்துவிட்டால் உங்களுக்குக் கரி போட ஆள் இருக்காது.

உன் தம்பி,
கிளிஃபர்ட்