பதினாறு போதும், அண்ணி

அன்புள்ள அண்ணி,

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் தூசிக்கு முன்னால் சந்தன வாசனைதான் வந்தது. தும்மலும் வந்தது, சிரிப்பும் வந்தது. விசிறியின் நடுவில் ஒரு பொட்டு, கிராபிக்ஸ் கார்டின் முதுகில் ஒரு பொட்டு, மெமரி செருகும் நான்கு இடங்களுக்கும் தலைமாட்டில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜையன்று அண்ணன் வாசலில் மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரோடு அறைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். "வெளிய ஒரு பொட்டு வச்சா போதும்லா அண்ணி" என்றால் காதில் வாங்க மாட்டீர்கள். "மோட்டாருக்கு எஞ்சின்ல வைக்கிறோம். இதுக்கு மட்டும் சட்டைக்கு மேலயா வைப்பாங்க?" என்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த விளையாட்டு வந்துவிட்டது அண்ணி. ஆமாம், அதேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு என் கைப்பேசியில் திரும்பத் திரும்ப முன்னோட்டம் பார்த்தீர்களே, மழையில் மலைப்பாதையில் ஓடும் அந்தக் கார் பந்தயத்தின் அடுத்த பாகம். "கேமரன் மலைக்கு ஏறுற சடக்கு மாதிரியே இருக்கு பாரு" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினீர்கள். "இது வரட்டும் மாலா. நம்ம கம்ப்யூட்டர் தாங்குதான்னு பாத்துரணும்." பார்த்துவிடலாம் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அது வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

நீங்கள் போன பிறகு அண்ணன் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வந்து தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்டு அடிக்கணும். அந்தக் கம்ப்யூட்டர் ஓடுதான்னு பாரு. ஓடலன்னா பழைய சாமான்காரங்கிட்ட போட்டுருவோம்" என்றார். அடுப்படிக் குப்பையைப் பற்றிப் பேசுவது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். புது விளையாட்டை இதில் ஓட்டிக் காட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நீங்கள் சொன்ன வழியிலேயே போனேன். "எது மூச்சு வாங்குதுன்னு மொதல்ல பாரு. அப்புறம் கடைக்குப் போ" என்பீர்களே, அதன்படி விளையாட்டின் பழைய பாகத்தை ஓடவிட்டு, எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சட்டத்தில் கவனித்தேன். கிராபிக்ஸ் கார்டு அலட்டிக்கொள்ளவே இல்லை. மெமரிதான் கழுத்துவரை நிரம்பித் தத்தளித்தது. பழைய ஹார்ட் டிஸ்க் வேறு முனகிக்கொண்டே இருந்தது. நம்மிடம் இருந்தது எட்டு ஜிபி மெமரி, புது விளையாட்டு கேட்பதோ பதினாறு. ஆகவே ஒரே ஜோடியாக இரண்டு எட்டு ஜிபி, கூடவே முனகும் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு அப்படியே இருக்கட்டும், காட்சித் தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இதைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடும் சுகமும் உங்களுக்குத்தான் புரியும். எந்த மெமரி என்ன வேகம், நம் மதர்போர்டு எதை ஏற்கும் என்று ஆபீசில் சாப்பாட்டு வேளையெல்லாம் கைப்பேசியில் படித்தேன். பக்கத்து மேசை அக்கா, "தீபாவளிக்குச் சேலை பாக்குறியா, எனக்கும் காட்டு" என்று ஆசையாக எட்டிப் பார்த்தார். பச்சை நிற மெமரிப் பலகையைப் பார்த்ததும் தன் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம் பாயின் கம்ப்யூட்டர் கடைக்கே போனேன். தஞ்சோங் மாலிமிலிருந்து வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து இறங்கி, கார் தொழிற்சாலைச் சீருடைகூட மாற்றாமல் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போவீர்கள். ஒரு முறை, முழுதாகப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கச் சொன்ன பாயிடம், "வாரம் பூரா கார் பூட்டுறவ நானு. ஒரு போல்ட்டு போனா காரையே மாத்தச் சொல்வீங்களா பாய்?" என்று கேட்டீர்கள். கடையே சிரித்தது. இந்த முறை பாய் வண்ண விளக்கு எரியும் மெமரியை எடுத்துக் காட்டி, "இதப் போடுங்க, பெட்டிக்குள்ளயே தீபாவளி" என்றார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "அண்ணி வரலயா?" என்றார். சொன்னேன். அவர் விளக்கு மெமரியை உள்ளே வைத்துவிட்டு, "போர்டு பேரச் சொல்லுங்கமா, நான் பொருத்தமானதா பாத்துத் தாரேன்" என்றார். அதற்குப் பிறகு வியாபாரப் பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்து எஸ்எஸ்டியை மாட்டினேன். பழைய ஒற்றை எட்டு ஜிபியைக் கழற்றிவிட்டு, புது மெமரி இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகினேன். இரண்டும் டக், டக் என்று உட்கார்ந்த சத்தம் கேட்டீர்களா? பொத்தானை அழுத்தினால் திரையில் எட்டு என்றே காட்டியது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் எட்டு. எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினேன். பாய் தன் கம்ப்யூட்டரில் இரண்டையும் சோதித்தார். "மெமரி நல்லாத்தான் இருக்கு. ஒங்க போர்டுல அந்த எடம் செத்துப்போச்சு போல. போர்டு போனா மத்ததும் மாத்தணும்மா" என்றார். காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு தவறிவிட்டது போல இருந்தது.

மனசு கேட்கவில்லை. வீட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு அந்தச் செத்துப்போன இடத்தை உற்றுப் பார்த்தேன். குறுகலான அந்தப் பள்ளத்தின் அடியில் செக்கச்செவேல் என்று ஏதோ படிந்திருந்தது. குங்குமம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நீங்கள் தலைமாட்டில் வைத்த பொட்டு உதிர்ந்து உதிர்ந்து, காலியாகக் கிடந்த இடங்களுக்குள் விழுந்து தங்கியிருக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன் அண்ணி. மோட்டாருக்கு எஞ்சினில் பொட்டு வைக்கச் சொல்லும் நீங்கள் கம்ப்யூட்டருக்கு மூக்கில் அல்லவா வைத்திருக்கிறீர்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணன் கதவருகே வந்து நின்றார். "என்னா?" என்றார்.

"ஒங்க பொண்டாட்டி பண்ண வேலைய வந்து பாருங்க."

வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். "வருசா வருசம் குங்குமம் தீந்துருச்சு, தீந்துருச்சும்பா. எல்லாம் இங்கதான் கெடக்கா" என்றார். டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொள்ள, மெல்லிய தூரிகையை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டு அந்தப் பள்ளத்தைத் துடைத்தேன். தூரிகை நுனி சிவந்துகொண்டே வந்தது. நான் நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

காயவிட்டு மறுபடி செருகிப் பொத்தானை அழுத்தினேன். பதினாறு. அண்ணி, பதினாறு! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விளையாட்டு திறந்தது. மழை, மலை, வளைந்து வளைந்து ஏறும் சடக்கு. முதல் ஓட்டம் நான் ஓட்டுவதாகத்தான் இருந்தது. எழுந்து அண்ணனை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தேன். "எனக்குத் தெரியாதுலா" என்றார். முதல் வளைவிலேயே நேராகப் போய் மரத்தில் மோதினார். "பிரேக்கு எங்க இருக்கு?" என்று மோதிய பிறகு கேட்டார். நான் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னொரு தடவ போலாம்" என்றார். பழைய சாமான்காரர் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் வேலை விட்டு வந்ததும் அந்த அறைக்குத்தான் போகிறார். ஓட்டுவது மட்டும் இன்னும் மோசம்.

பாய் நேற்றுக்கூடக் கேட்டார், "இன்னும் ரெண்டு எடம் காலியாத்தானே இருக்கு, முப்பத்திரண்டா ஆக்கிரலாமா?" என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெமரி போடுவதென்றால் அந்த இரண்டு இடங்களையும் துடைத்தாக வேண்டும். உங்கள் குங்குமம் அதற்குள்தான் இருக்கிறது.

பதினாறு போதும், அண்ணி.