மூச்சுக் கொடுக்கப் போய்

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
ஞாயிறு.

அன்பு மகள் விஜிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. சாகுபுரத்திலிருந்து உன் மாமா வந்து உனக்கென்று மக்ரூன் வாங்கி வைத்துவிட்டுப் போனான், அனுப்பும் வழி தெரியாமல் நாங்களே தின்றுகொண்டிருக்கிறோம். தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதி முடித்ததும் அம்மா படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து கொண்டுவந்து நம் வீட்டு பிரிட்ஜில் நீ வைத்துவிட்டுப் போன குப்பிகளைக் கெடுத்தது உன் சிநேகிதி ஸ்டெபி இல்லை, நான்தான். நீ கேட்டபோது தொடவே இல்லை என்று பொய் சொன்னேன்.

ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாயே, நடுக்கடலின் அடித்தரையில் வெடிப்பு விட்டுக் கரும்புகை மாதிரி வெந்நீர் பொங்குகிறது, ஈயம் உருகுகிற சூடு, ஆனாலும் மேலே நிற்கிற கடலின் கனத்தில் கொதிக்காமல் இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அதில் கரைந்திருந்த இரும்பும் செம்பும் கந்தகத்தோடு சேர்ந்து உறைந்து புகைக்கூண்டாக வளர்கிறது, வெயிலே எட்டாத அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கந்தகத்தையும் வாயுவையும் தின்று பிழைக்கின்றன என்று. அவற்றைத்தான் குப்பியில் பிடித்துக் காற்று துளியும் இல்லாமல் அடைத்திருக்கிறோம், கப்பலில் மூடி போட்டதெல்லாம் ஸ்டெபிதான், நீ நேரே ஜெர்மனி போவதால், லீவு முடிந்து போகும்போது அவளே உங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போவாள் என்றும் சொன்னாய். எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது, உள்ளே உயிர் இருக்கிறது, காற்று இல்லை என்பது மட்டும் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. சங்கு குளிக்கப் போனபோது காற்றுக் குழாய் பாறையில் மடங்கி, தோணிக்காரர்கள் என்னை மேலே இழுத்துப் போடுவதற்குள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சமையலுக்கு வாங்கின உயிர் நண்டு கிடக்கிற சட்டியைக்கூட மூட விடாதவன் நான். நீ போன மறுநாள் அந்தக் குப்பிகளை வெளியே எடுத்தேன். அம்மா, “அவ அடைச்சு வச்சதுல நீங்க எதுக்குக் கை வைக்கிய” என்று தடுக்கத்தான் செய்தாள். “ஏளா, பிள்ளைக்கு அவசரத்துல நெனப்பு இருந்திருக்காது, மூச்சில்லாம எது கெடக்கும்” என்று சொல்லிவிட்டுக் கோணி ஊசியை எடுத்து ஒவ்வொரு ரப்பர் மூடியிலும் குத்தி ஆட்டிவிட்டேன். குப்பென்று அழுகின முட்டை நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில், நிறமே இல்லாமல் இருந்த தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. மூச்சு முட்டிக் கிடந்தவன் முகத்தில் ரத்தம் திரும்புகிற மாதிரி இருந்தது எனக்கு. “பார்த்தியா, பொழைச்சிட்டு” என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

காற்றுதான் அவற்றுக்கு விஷம் என்பதும், காற்றுப் புகுந்தால் தெரியவேண்டும் என்றே ரோஸாக மாறுகிற சாயத்தைக் கலந்திருக்கிறீர்கள் என்பதும், ஸ்டெபி ஒழுங்காக மூடாமல் எல்லாவற்றையும் சாகடித்துவிட்டாள் என்று நீ போனில் கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சோடு பேச்சாக, அப்பா நீங்க தொடலையே என்று கேட்டாய். நாக்கு தானாக இல்லை என்றது. கொன்றதைவிட அந்த ஒரு சொல்தான் என்னை அரிக்கிறது. அடுத்த கப்பலுக்கு அவள் வேண்டாம் என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் நீ சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் புன்னைக்காயலில் ஸ்டெபி வீட்டுக்குப் போனேன். மறுபடி லீவு போட்டுவிட்டு அந்தப் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் கொடுத்த காப்பியை ஆறவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பிறகு ஒருவழியாகச் சொன்னேன். அவள் ஆச்சரியமே படவில்லை. குப்பியை எடுக்க வந்த அன்றைக்கே ரப்பரில் ஊசி ஓட்டையைப் பார்த்துவிட்டாளாம். பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “மாமா, விஜிலா என்னய ஏசுனா நாலு நாள்ல சரியாயிரும். ஒங்கள ஏசிட்டா அவளுக்கே தாங்காது. நீங்க கெடுக்கணும்னா செஞ்சீங்க?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் வீட்டில் வந்து நின்ற அன்றைக்கு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன், அது இப்போதுதான் விளங்குகிறது. சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். இது ஒன்றில் மட்டும் அவள் பேச்சைக் கேட்கமாட்டேன்.

உனக்கு என் மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், அவள் ஆசீரும் எங்கள் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஸ்டெபியிடம் பேசு. பிறகு இந்தக் கடிதத்தை உன் பேராசிரியரிடம் அப்படியே காட்டு. அப்பா இவ்வளவு விவரம் கெட்டவரா என்று உன் ஆய்வகத்தில் சிரிப்பார்களே என்று மறைத்தாயானால், நான் செய்ததையே நீயும் செய்தவளாவாய். அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க என் முழுப்பெயரும் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா,
சவேரியார் மகன் விக்டர் பர்னாந்து,
சங்கு குளியாள், தூத்துக்குடி.