வெல்வெட்டில் தண்ணீர் படக்கூடாது

ஜனவரி 6

இன்று நான் ஒரு ராணி, இரண்டு தேவதைகள், ஒரு கரடி. இவற்றில் கரடிதான் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. முகம் மூடியிருக்கும்.

நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை என்றால் என்னவோ பளபளப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். மேல்வீட்டு அக்கா கேட்கிறாள்: "தினமும் ராணி வேஷம் போட்டுப் பார்க்கலாம் இல்ல?" போட்டுப் பார்க்கத்தானே என்னை வைத்திருக்கிறார்கள். துணி மாட்டும் பொம்மையின் கை உடைந்த நாளிலிருந்து நான்தான் பொம்மை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அளவுதான் எனக்கும். முதலாளியம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "திரும்பு... நிமிரு... மூச்சை இழுத்துப் பிடி" என்பார். அந்த அங்கிகளுக்குள் மூச்சு விட யாருக்கு ஆசை? எந்த வருடத்து வேர்வையோ, எந்தப் பிள்ளையின் கக்கமோ. துவைக்க மாட்டார். "வெல்வெட்டுல தண்ணி படக்கூடாது." இதுதான் கடையின் வேதவாக்கு. திரும்பி வருகிற உடைக்கு உள்பக்கம் இரண்டு தடவை சென்ட் அடித்து, நேராக ஆணியில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் சுத்தம்.

ராணி அங்கியைக் கழற்றியதிலிருந்து கழுத்தில் ஒரே நமைச்சல். சரிகை குத்தியிருக்கும்.

ஜனவரி 9

சரிகை இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரு வட்டம். ஓரம் மட்டும் சிவந்து, மேடாக, பொடிப்பொடியாகத் தோல் உரிந்து. நடுவில் ஒன்றுமில்லை. யாரோ என்மேல் டீ டம்ளரை வைத்து எடுத்த மாதிரி.

ஜனவரி 12

மருத்துவர் குழு எங்கள் வீட்டில் கூடியது.

மேல்வீட்டு அக்கா: "சிலந்தி ஒன்னுக்குப் போயிருக்கும்." எங்கள் வீட்டுச் சிலந்திக்குக் காம்பஸ் பிடிக்கத் தெரியும் போல.

அம்மா: "படர்தாமரை. ஒழுங்காக் குளிச்சா ஏன் வருது?" ஒழுங்காகத்தான் குளிக்கிறேன். குளித்துவிட்டு நானும் அவளும் துவட்டுவது ஒரே துண்டில். அந்தத் துண்டு காய்ந்து நான் பார்த்ததில்லை.

எலுமிச்சையில் உப்பைத் தொட்டுத் தேய்த்தாள். கத்தினேன். "எரியுதுல்ல? அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அடுப்பில் கையை வைத்தாலும்தான் எரியும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அம்மா வேலை பார்க்கிற விடுதிச் சமையலறையில் கொதிக்கிற கஞ்சி கொட்டி அவள் கை வெந்தபோதுதான் நான் ஒன்பதாம் வகுப்பின் பாதியில் வீட்டில் நின்றேன். கை ஆறியது. நான் திரும்பப் போகவில்லை. ஏன் என்று பள்ளியிலிருந்து ஒரு ஈ, காக்காகூட வந்து கேட்கவில்லை.

ஜனவரி 15

முதலாளியம்மா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கைப்பையைத் துழாவி ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார்.

"மருந்துக் கடைக்காரர் எனக்குன்னே எடுத்து வைப்பாரு. டாக்டர் சீட்டெல்லாம் கேக்க மாட்டாரு. படை, பரு, கொசுக்கடி, எல்லாத்துக்கும் கேக்கும்."

எல்லாத்துக்கும் கேட்கிற மருந்தை நம்பக் கூடாது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தடவிக்கொண்டேன்.

ஜனவரி 18

நமைச்சல் போச்சு. சிவப்பும் போச்சு. முதலாளியம்மா வாழ்க. ட்யூபை அலமாரியில் எறிந்தேன்.

ஜனவரி 29

வாழ்கவாவது மண்ணாவது. திரும்பி வந்துவிட்டது, குடும்பத்தோடு. கழுத்தில் இப்போது வட்டமும் இல்லை, ஓரமும் இல்லை. சாயம் போன துணி மாதிரி பரவிக் கிடக்கிறது. இடுப்பைச் சுற்றி புதிதாக மூன்று. ட்யூபைத் தடவினால் அடங்குகிறது, விட்டால் கொண்டாட்டம். அம்மாவின் முழங்கைக்குக் கீழேயும் ஒன்று. "அடுப்புச் சூடு" என்கிறாள். சூடு வட்டமாகத்தான் படுமா?

பிப்ரவரி 3

மைக் வந்தாள்.

நான் அவளுக்கு மனதுக்குள் வைத்த பெயர் அது. பள்ளியில் எந்த விழாவானாலும் மைக்கைப் பிடித்து "அனைவருக்கும் வணக்கம்" சொல்வது அவள்தான். வகுப்பில் அவள் பக்கத்து இடம் எப்போதும் காலி. அதில் அவளுடைய பை உட்கார்ந்திருக்கும். நான் ஒரு முறை, என் வாழ்க்கையிலேயே ஒரு முறை, துணிந்து அங்கே போய் நின்றேன். "இங்க ஆள் இருக்கு" என்றாள். அந்த ஆள் வருடம் முழுக்க வரவில்லை. பைதான் படித்துத் தேறியது.

ஆண்டு விழா பதினைந்தாம் தேதி. போன வருடமும் அவள்தான் ராணி, இந்த வருடமும் அவள்தான். டீச்சரோடு அளவு கொடுக்க வந்திருந்தாள். நான் குனிந்து அங்கியின் கீழோரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். என் சட்டைக் கழுத்து விலகிவிட்டது.

"ஐயே! கழுத்துல என்னடி அது? படர்தாமரையா? டீச்சர், இவளை என்னைத் தொட வேணாம்னு சொல்லுங்க!"

மைக்கே தேவையில்லாத குரல். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

டீச்சர் முகத்தைச் சுளித்து, "என்னங்க இது, சின்னப் பிள்ளைங்க போடுற துணி..." என்று இழுத்தார்.

"ஐயோ, இவ துணியத் தொடவே மாட்டா டீச்சர். கூட்டிப் பெருக்க வர்ற பொண்ணு. இன்னைக்கு ஆள் இல்லேன்னு..." என்றார் முதலாளியம்மா. பொய் சொல்லும்போது கண்கூடச் சிமிட்டவில்லை.

என்னைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "விழா முடியற வரைக்கும் வெளியில தலை காட்டாதே. உன்னை வச்சுக்கறதா அனுப்பிடறதான்னு அப்புறம் யோசிக்கறேன்" என்றார். வாயைத் திறந்து நான் என்ன சொன்னேன்? என்ன சொல்லியிருப்பேன்? "சரிங்கம்மா." த்தூ.

பிப்ரவரி 5

அரசு ஆஸ்பத்திரி. தோல் பிரிவு புதன்கிழமைதான். அம்மா அரை நாள் விடுப்பு போட்டுக்கொண்டு கூட வந்தாள். பெஞ்சில் இருந்த எல்லோரும் சொறிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர் சொறிவதை அருவருப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா என் ட்யூபை வாங்கிப் பார்த்தார். அப்படியே குப்பைக் கூடையில் போட்டார்.

"யார் பார்த்த வேலை இது? இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. சிவப்பை அமுக்கும், நமைச்சலை அமுக்கும். ஃபங்கஸ் உள்ள ஜம்முனு வளரும். கொஞ்ச நாள்ல தோலும் மெலிஞ்சு கோடு கோடா விழும்."

மாத்திரையும் வேறு களிம்பும் எழுதினார். எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார்:

"குளிச்சு, நல்லாத் துடைச்சு, காஞ்சப்புறம் தடவணும். காலைல, ராத்திரி. வட்டத்து மேல மட்டும் இல்ல, சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு. சுத்தமா மறைஞ்சப்புறமும் ரெண்டு வாரம். ஆனா நீங்க தடவ மாட்டீங்க. நமைச்சல் நின்னதும் நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டு இதே பெஞ்சுல வந்து உட்காருவீங்க."

உலகத்தை என்னைவிட மட்டமாக நினைக்கும் ஒருவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். பிடித்துவிட்டது.

"இவ சரியாவே குளிக்கறதில்ல டாக்டர்" என்றாள் அம்மா.

"அழுக்கால வர்றதுன்னு யார் சொன்னா? ஈரம், வேர்வை, அடுத்தவங்க துணி, துண்டு. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? இருந்தா சேர்ந்து மருந்து போடணும்."

அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் அதைப் பிடித்து இழுத்து மேசைமேல் வைத்தேன்.

பிப்ரவரி 7

வீட்டில் இரண்டு துண்டு. இரண்டும் வெயிலில். மேல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கும் பொண்ணுக்கும் சண்டையா?" என்றாள்.

பின்னறையில் என்னோடு இருப்பது தொங்குகிற உடைகள் மட்டும். ராணி அங்கியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெளியே நீல வெல்வெட், தங்கச் சரிகை. உள்ளே பருத்தி லைனிங். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். காலரில் மஞ்சளாக, மொடமொடவென்று. இடுப்புப் பட்டை வருமிடத்திலும் அப்படியே. கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கழுத்து. இடுப்பு. அந்த அங்கி எங்கே என்னைத் தொட்டதோ அங்கேதான், வேறெங்கும் இல்லை.

நான் துணியைத் தொடக்கூடாதாம்!

பிப்ரவரி 10

சொன்னால்? "உன்னாலதான் துணிக்கே வந்துச்சு" என்பார், அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

சொல்லாவிட்டால்? சனிக்கிழமை மைக் இதைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்பாள். கொஞ்ச நாளில் கழுத்தில் ஒரு வட்டம் வரும். அப்புறம் இடுப்பில். "அனைவருக்கும் வணக்கம்" — சொறி — "சிறப்பு விருந்தினர் அவர்களே" — சொறி. எவ்வளவு அழகாக இருக்கும்! நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருக்க வேண்டும். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 12

இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். இன்று குட்டிச் சிப்பாய்களின் சட்டைகளுக்குப் பட்டன் வைத்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற காலர். அதிலும் உள்ளே மஞ்சள்.

சரி, சிப்பாய்களுடையதைத் துவைத்துவிட்டு ராணியை மட்டும் அப்படியே விடலாமா? விடலாம். ஆனால் முடியாது. இரக்கம் எல்லாம் இல்லை. என் கழுத்தில் இருப்பது அவள் கழுத்திலும் வந்தால், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். அவளோடு எனக்கு எதுவும் பொதுவாக வேண்டாம். என் படர்தாமரைகூட.

பிப்ரவரி 13

பிரித்துவிட்டேன். காலையிலிருந்து தையல் தையலாக. ராணி, ராஜா, மந்திரி, பதினொரு சிப்பாய்கள். வெல்வெட்டைத் தனியாக எடுத்து, திருப்பி மாட்டி, ஜன்னல் வெயிலில் காயவிட்டேன். லைனிங்கையெல்லாம் டீ போடுகிற அடுப்பில் வாளியை ஏற்றி, சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்தேன். தண்ணீர் என்ன நிறம் ஆனது என்று எழுத மாட்டேன். இன்னும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் முதலாளியம்மா வந்தார். கொடியில் சொட்டுகிற பதினான்கு லைனிங். சுவரில் குடல் உருவிய பதினான்கு உடைகள்.

"அடிப்பாவி! யாரைக் கேட்டுடி பிரிச்சே? நாளைக்கு சாயங்காலம் டெலிவரிடி!"

"வெல்வெட்டுல தண்ணி படல" என்றேன்.

"என்ன?"

கழுத்தைக் காட்டினேன். ராணி லைனிங்கில் கொதித்தும் மஞ்சள் போகாத காலரைத் தூக்கிக் காட்டினேன். "இதுல இருந்துதான் வந்துச்சு. டாக்டர் சொன்னாங்க, அடுத்தவங்க துணியில இருந்து வரும்னு. அந்தக் குழந்தைங்களுக்கும் வரும்."

"வாயைப் பாரு! இப்பவே வெளியில போடி!"

"போறேன். யார் தைப்பாங்க?"

சத்தியமாக நான் மிரட்டவில்லை. எனக்கு மிரட்டத் தெரியாது. நிஜமாகவே அந்தக் கவலை வந்துவிட்டது, வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். முதலாளியம்மா கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அது அட்டை. எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

பிப்ரவரி 14

தைத்தேன். விரலெல்லாம் ஊசி. ராஜாவுக்கு லைனிங் வைத்தது முதலாளியம்மா. கோணலாக வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 17

உடைகள் திரும்பி வந்தன. முதலாளியம்மா பழக்கதோஷத்தில் சென்ட் பாட்டிலை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு எப்ப வர்றே?" என்றார். அனுப்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிப்ரவரி 21

கடையில் நான் மட்டும் இருந்தபோது மைக் வந்தாள். தனியாக. ராணியின் ஒரு காது வளையம் விட்டுப்போயிருந்ததாம். கொடுத்தாள். போகவில்லை.

"உனக்குக் குறைஞ்சிருக்கு" என்றாள். என் கழுத்தைப் பார்த்து.

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டினாள். அடக்கடவுளே. என்னுடையதைவிட மோசம். சாயம் போன அதே பரவல். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து பளபளக்கிறது.

"போன வருஷ விழா முடிஞ்சதுல இருந்து இருக்கு. வீட்டுலகூடத் தெரியாது. மருந்துக் கடையில ஒரு ட்யூப் வாங்கி..."

அதே ட்யூப்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. அந்த அங்கி முதலில் அவளுக்குக் கொடுத்ததா, அவள் அங்கிக்குக் கொடுத்ததா? யாருக்குத் தெரியும். ஒன்றரை மாதமாக எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்திருக்கிறது, நான்தான் பெரிய மனுஷி மாதிரி வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஏன் என்னைப் பார்த்து அப்படிக் கத்தினே?" மனதுக்குள் இல்லை, உரக்க, நானேதான் கேட்டேன்.

"கத்தலேன்னா டீச்சர் என்னைப் பார்த்திருப்பாங்கடி."

இதைவிடக் கேவலமான ஒரு பதிலை நான் கேட்டதில்லை. இதைவிட உண்மையானதையும். அறையலாம் போலிருந்தது.

"அந்த ட்யூபைத் தூக்கிப் போடு. புதன்கிழமை, தோல் பிரிவு, சீக்கிரம் போ. உன் துண்டை யாருக்கும் கொடுக்காதே" என்றேன். அவள் அழுகிற மாதிரி இருந்தாள். காது வளையத்தை ஆணியில் மாட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 4

அம்மா களிம்பை நிறுத்திவிட்டாள். "நமைச்சல்தான் நின்னுடுச்சே." டாக்டரம்மாவின் குரலில் கத்தினேன். எனக்கு அந்தக் குரல் வருகிறது!

எனக்கும் நிறுத்த ஆசைதான். தடவிக்கொண்டேன். சுற்றி இரண்டு விரல்.

மார்ச் 11

கடை வாசலில் புதுப் பலகை: "எங்களிடம் மட்டுமே — கழற்றித் துவைத்த உள்துணியுடன் உடைகள்." எல்லா லைனிங்கையும் பிரஸ் பட்டனில் கழற்றும்படி நான் மாற்றி வைத்தேன். வந்தவர்களிடம் முதலாளியம்மா சொல்கிறார்: "ரொம்ப நாளா என் மனசுல இருந்த யோசனைங்க." இருந்திருக்கும், இருந்திருக்கும். சென்ட்டுக்குப் பக்கத்தில்.

மார்ச் 19

புதன். கடைசியாக ஒரு தடவை காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் கொஞ்சம் கறுப்பு மட்டும் மிச்சம், அதுவும் மெல்லப் போகுமாம். தோல் பிரிவில் இன்று கூட்டம். பெஞ்சின் கோடியில் மைக் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் பை. அதே பை.

பார்த்ததும் நான் சுவரோரம் நகர்ந்துவிட்டேன். கால்கள் தானாகவே நகர்ந்தன. இடுப்பைச் சொறிந்துகொண்டே ஒரு அம்மா அங்கே போய், "இதை எடுத்துக்கம்மா, உட்காரணும்" என்றார்.

"இங்க ஆள் இருக்கு" என்றாள் மைக்.

அதே குரல். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏய். உன்னைத்தான்டி."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவளை இன்னும் பிடிக்கவில்லை. பெஞ்ச் சின்னது. ஒருவர் கை ஒருவர் மேல் படாமல் உட்கார்ந்திருந்தோம், எங்கள் முறை வரும்வரை.